சிங்க்கில் அடித்த மின்னல்

முட்டையை அவித்து இறக்கியாகிவிட்டது. அப்போதுதான் தங்கை வந்து, "எனக்கு ஆம்லெட்தானே கேட்டேன்!" என்கிறாள். அவித்த முட்டையை ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிரவிட்டால் பழையபடி வழவழவென்று ஆகிவிடுமா? ஆகாது.

ஏன் என்று பார்ப்போம். வெள்ளைக்கருவில் தண்ணீரைத் தள்ளிவிட்டால் மிச்சம் பெரும்பாலும் புரதம். புரதம் என்பது அமினோ அமிலம் என்கிற மணிகளைக் கோத்த மாலை. அந்த மாலை சும்மா தொங்கிக்கொண்டிருக்காது. ஒவ்வொரு புரதமும் தனக்கென்று ஒரு விதமாகச் சுருண்டு மடிந்திருக்கும். அந்த மடிப்பு இருந்தால்தான் அது தன் வேலையைச் செய்யும். சூடு பட்டால் மடிப்பு கலைந்து மாலைகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. அமிலமும் பல புரதங்களுக்கு ஒத்துக்கொள்ளாது. பாலில் எலுமிச்சம்பழம் பிழிந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

இப்படிப்பட்ட தொட்டாற்சுருங்கியை ஓர் உயிரின் உடலிலிருந்து, கூடவே இருக்கும் ஆயிரக்கணக்கான வேறு புரதங்களை விலக்கிவிட்டு, மடிப்புக் கலையாமல் எடுக்க வேண்டும். எப்படி எடுப்பது? இந்தக் கேள்வியோடு ஒருவர் 1961ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு துடுப்புப் படகில் உட்கார்ந்திருந்தார்.

அவர் பெயர் ஒசாமு ஷிமோமுரா, ஜப்பான்காரர். நாகசாகியில் அணுகுண்டு விழுந்தபோது அவருக்கு 16 வயது. ஊரிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி ஒரு தொழிற்சாலையில் இருந்தார். அந்த வெளிச்சத்தில் சில நொடிகள் அவருக்குக் கண்ணே தெரியவில்லை. பின்னாளில் அவர் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தது, கடல் உயிர்களிடமிருந்து வரும் சூடில்லாத மெல்லிய வெளிச்சத்தை.

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் ஜான்சன் என்ற பேராசிரியர் அவரை அழைத்திருந்தார். இருவரும் கருவிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு, நாட்டின் கிழக்குக் கோடியிலிருந்து மேற்குக் கோடியில் உள்ள ஃப்ரைடே ஹார்பருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே கடலில் ஈக்வோரியா விக்டோரியா என்ற ஜெல்லி மீன்கள் மிதந்துகொண்டிருந்தன. நம் கடற்கரைப் பக்கம் ஜெல்லி மீனைச் சொறி என்பார்கள். பெயரில் மீன் இருந்தாலும் அது மீன் இல்லை. கண்ணாடியில் செய்த குட்டிக் குடை மாதிரி இருக்கும். இருட்டில் தொட்டால் குடையின் ஓரம் மட்டும் பச்சையாக ஒளிரும்.

ஆகவே வெட்ட வேண்டியது ஓரத்தை மட்டும். கத்தரிக்கோலால் ஓரத்தை நாடா மாதிரி வெட்டி எடுத்து, துணியில் போட்டுப் பிழிந்தார்கள், தேங்காய்ப்பால் பிழிவதுபோல. பிழிந்த சாறு லேசாக ஒளிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் அணைந்தும் போயிற்று. அங்கேதான் சிக்கல். ஒளிரும் பொருள் ஒளிர்ந்தபடியே தீர்ந்துவிடுகிறது. சுத்தம் செய்து எடுப்பதற்குள் கையில் ஒன்றும் மிஞ்சாது. தெரிந்த வழி எல்லாம் செய்து பார்த்தாயிற்று, பலனில்லை. ஷிமோமுரா படகை எடுத்துக்கொண்டு கடலுக்குள் போய், மல்லாந்து படுத்து, யோசிக்க ஆரம்பித்தார். சில நாள் அப்படியே தூங்கியும் போனாராம். (வகுப்பில் இதை முயன்று பார்க்காதீர்கள். ஆசிரியருக்கு இந்தக் கதை தெரிந்திருக்காது.)

ஒரு பிற்பகலில் பொறி தட்டியது. இந்த வெளிச்சத்தில் ஒரு புரதத்துக்குப் பங்கு இருக்குமானால், அமிலத்தை அளந்து சேர்த்து அந்தப் புரதத்தைக் கொல்லாமல் தூங்கவைக்கலாமே! நேரே கரைக்கு வந்து சோதித்தார். பி.எச். அளவு 4 வந்ததும் ஒளி அணைந்தது. அதில் கொஞ்சம் சோடியம் பைகார்பனேட், அதாவது நம் வீட்டு ஆப்ப சோடா, சேர்த்து அமிலத்தை முறித்தார். ஒளி திரும்பி வந்தது. ஆனால் மங்கல்தான்.

சோதனை முடிந்தது, மிச்சத்தைச் சிங்க்கில் கொட்டினார். பளீரென்று நீல மின்னல்!

சிங்க்கில் அப்படி என்ன இருந்தது? பக்கத்துத் தொட்டியிலிருந்து வழிந்த கடல்நீர் அதில் வந்து விழுந்துகொண்டிருந்தது. கடல்நீரில் கால்சியம் உண்டு. ஆக, விளக்கைப் போடும் ஸ்விட்ச் கால்சியம்தான். அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும் ஒரு வேதிப்பொருளைச் சேர்த்துவிட்டால் சாறு ஒளிராமல் காத்திருக்கும், நாம் நிதானமாகப் பிரித்து எடுக்கலாம். அந்தக் கோடையில் மட்டும் அவர்கள் ஏறக்குறைய 10,000 ஜெல்லி மீன்களைப் பிடித்தார்கள். கடைசியில் தேறிய புரதம் சில மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்புகூட அதைவிடக் கனம்.

பிரித்து எடுப்பது என்றேனே, அது எப்படி என்று சொல்ல வேண்டும். இன்றைக்கும் உலகம் முழுக்கப் புரத ஆய்வகங்களில் தினமும் நடக்கிற வேலை அது. ஒரு நீளமான கண்ணாடிக் குழாய். அதற்குள் பொடிப்பொடி மணிகள் நிரப்பியிருக்கும். மேலே சாற்றை ஊற்றிவிட்டுக் கீழே சொட்டுச் சொட்டாகப் பிடிப்பார்கள். தேர்த் திருவிழாவில் கடைவீதி வழியாக நடப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். தாத்தா எந்தக் கடையிலும் நிற்காமல் முதலில் போய்ச் சேருவார். நீங்கள் பலூன் கடை, பஞ்சுமிட்டாய் கடை என்று ஒவ்வொன்றிலும் ஒட்டிக்கொண்டு கடைசியில் வருவீர்கள். புரதங்களும் அப்படித்தான். மணிகளோடு ஒட்டாதவை முதலில் இறங்கும், அதிகம் ஒட்டுபவை தாமதமாக இறங்கும். ஒவ்வொரு கூட்டத்தையும் தனித்தனிக் குப்பியில் பிடித்துவிடலாம்.

அப்படிப் பிடித்தபோது நீல ஒளி தரும் புரதம் கிடைத்தது. அதற்கு ஈக்வோரின் என்று பெயர் வைத்தார்கள். கூடவே, யாரும் கேட்காமலே இன்னொன்றும் வந்தது. அது தானாக ஒளிரவில்லை, ஆனால் புறஊதா வெளிச்சத்தில் காட்டினால் பச்சையாகச் சுடர்விட்டது. ஜெல்லி மீனின் ஒளி நீலமாக இல்லாமல் பச்சையாக இருப்பதற்கு அதுதான் காரணம். ஈக்வோரினின் ஆற்றலை வாங்கிப் பச்சை ஒளியாக வெளியிடுகிறது. 1962இல் வெளிவந்த கட்டுரையில் இதற்குக் கிடைத்த இடம் ஓர் அடிக்குறிப்பு அளவுதான். இப்போது அதைப் பச்சை ஒளிர் புரதம் என்கிறோம். எனக்கென்னவோ அந்த அடிக்குறிப்புதான் மொத்தக் கட்டுரையிலும் பெரிய செய்தி என்று தோன்றுகிறது.

அடுத்த இருபது ஆண்டுகளில் ஷிமோமுரா குடும்பத்தையும் உதவியாளர்களையும் சேர்த்துக்கொண்டு ஃப்ரைடே ஹார்பருக்குப் போய்க்கொண்டே இருந்தார். மனைவி, பிள்ளைகள் கையிலும் வலை. மொத்தம் ஏறத்தாழ 8,50,000 ஜெல்லி மீன்கள்!

இவ்வளவு வலைவீச்சும் தேவைப்படாதபடி செய்தவர் டக்ளஸ் பிராஷர் என்ற ஆய்வாளர். பச்சைப் புரதத்தில் உள்ள அமினோ அமில மணிகள் 238. அவற்றை எந்த வரிசையில் கோர்ப்பது என்ற குறிப்பு ஜெல்லி மீனின் மரபணுவில் இருக்கிறது. அந்த மரபணுவை அவர் பிரித்தெடுத்து, வரிசையை 1992இல் வெளியிட்டார். அதற்குமேல் ஆய்வைத் தொடர அவருக்குப் பணம் கிடைக்கவில்லை. மரபணுவைக் கேட்டவர்களுக்கு அனுப்பிவைத்துவிட்டு அந்த வேலையிலிருந்தே விலகினார்.

வாங்கிக்கொண்டவர்களில் ஒருவர் மார்ட்டின் சால்ஃபி. அவர் அதைப் பாக்டீரியாவுக்குள் வைத்தார், பாக்டீரியா பச்சையாக ஒளிர்ந்தது. ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள, கண்ணாடிபோன்ற ஒரு புழுவுக்குள் வைத்தார். தொடுதலை உணரும் அதன் நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாகத் தெரிந்தன. இது 1994இல் வெளிவந்தது. எல்லோரையும் வியக்கவைத்த விஷயம், ஒளிர்வதற்கு இந்தப் புரதம் ஜெல்லி மீனிடமிருந்து வேறு எதையும் கேட்கவில்லை என்பதே. 65, 66, 67ஆவது மணிகள் மூன்றும், காற்றில் உள்ள ஆக்சிஜன் உதவியோடு, தாமாகவே ஒளிரும் அமைப்பாக மாறிக்கொள்கின்றன. மாலையின் மிச்சப் பகுதி அதைச் சுற்றிப் பீப்பாய் மாதிரி மூடிக் காக்கிறது.

இன்னொருவர் ரோஜர் சியன். மணிகளை அங்கொன்று இங்கொன்றாக மாற்றி நீலம், மஞ்சள் என்று வேறு நிறங்களைச் செய்தார். 1999இல் ரஷ்ய ஆய்வாளர்கள் பவள இனத்து உயிரி ஒன்றில் சிவப்புப் புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து சியன் குழு ஒரு பழக்கடையே வைத்துவிட்டது: செர்ரி, பிளம், ஆரஞ்சு, வாழைப்பழம் என்று அந்த நிறங்களுக்குப் பெயர்.

இதெல்லாம் எதற்கு? செல்லுக்குள் ஒரு புரதம் எங்கே போகிறது, எப்போது உருவாகிறது என்று உயிரோடு இருக்கும்போதே பார்க்க வழி இல்லாமலிருந்தது. இப்போது அந்தப் புரதத்தின் மரபணுவோடு பச்சைப் புரதத்தின் மரபணுவை ஒட்டவைக்கிறார்கள். மாட்டுக்குக் கட்டிய மணிபோல, போகிற இடமெல்லாம் அது காட்டிக்கொடுக்கும். புற்றுநோய்ச் செல்கள் ஓர் எலியின் உடலில் எப்படிப் பரவுகின்றன, நரம்புகள் எப்படி வளர்கின்றன என்றெல்லாம் அப்படித்தான் பார்க்கிறார்கள். புதிய மரபணு ஒன்று பாக்டீரியாவுக்குள் நுழைந்ததா என்று தெரியவும் இதே உத்திதான். விளக்கை அடித்துப் பார், பச்சையா? நுழைந்திருக்கிறது.

2008ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு ஷிமோமுரா, சால்ஃபி, சியன் மூவருக்கும் கிடைத்தது. ஒரு பரிசை மூன்று பேருக்குமேல் பகிர முடியாது என்பது நோபல் விதி. செய்தி வந்தபோது பிராஷர் அலபாமாவில், கார் விற்கும் கடை ஒன்றில் வாடிக்கையாளர்களை ஏற்றி இறக்கும் வேனை ஓட்டிக்கொண்டிருந்தார். சால்ஃபியும் சியனும் அவரையும் அவர் மனைவியையும் தங்கள் விருந்தாளிகளாக ஸ்டாக்ஹோமுக்கு அழைத்துப் போனார்கள்.

ஃப்ரைடே ஹார்பரில் 1990க்குப் பிறகு அந்த ஜெல்லி மீன்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன. பச்சைப் புரதம் வேண்டுமானால் இன்று யாரும் அங்கே வலையோடு போவதில்லை. மரபணு ஏற்றிய பாக்டீரியாவைச் சத்துநீரில் போட்டு, ஒரு குடுவையில் இரவு முழுக்கக் குலுங்கவிட்டுத் தூங்கப் போய்விடுகிறார்கள். காலையில் குடுவை பச்சையாக இருக்கும்.