மருந்தகத்து வாசலில் நின்றுவிடும் கிழட்டு நாய்

சங்கிலியைக் கையில் எடுத்தாலே வாலாட்டுகிற நாய் அது. லோடு ஆட்டோவில் தானே ஏறி உட்கார்ந்துகொள்ளும். கால்நடை மருந்தகம் இருக்கிற தெருவில் வண்டி திரும்பியதும் வால் பின்னங்கால்களுக்கு நடுவே போய்விடும், எச்சில் ஒழுகும். 13 வயதுக் கால்களுக்கு எங்கிருந்துதான் அத்தனை பலம் வருமோ, இழுத்தால் நகம் தார் ரோட்டில் கீறிக்கொண்டே வரும். நாரணாபுரத்தில் எங்கள் வீட்டு ராஜபாளையம் நாயின் கதை இது. இரண்டு தடவை வாசலோடு திரும்பினோம். மூன்றாம் தடவை கிளம்பவே இல்லை. “வயசாயிருச்சுல்லண்ணே, அப்படித்தான் இருக்கும்” என்று பக்கத்து வீட்டுத் தம்பி சொன்னது எங்களுக்கும் வசதியாகப் போயிற்று.

வயசு நோய் இல்லை. படியேறத் தயங்கினால் மூட்டுவலியாக இருக்கலாம். தண்ணீர்ச் சட்டியை அடிக்கடி காலி செய்தால் சிறுநீரகத்தையும் சர்க்கரையையும் பார்க்க வேண்டும். ராத்திரியில் சுவரைப் பார்த்து நிற்பதும், பழகிய வீட்டிலேயே வழி தெரியாமல் முழிப்பதும் மூளை தளர்வதன் அடையாளமாக இருக்கலாம். கருத்தடை செய்யாத பெட்டை, பருவம் முடிந்த ஓரிரு மாதத்தில் தீனியை மறுத்துத் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தால் கர்ப்பப்பையில் சீழ் கட்டியிருக்கக்கூடும். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போயாக வேண்டும்; விடியட்டும் என்றிருந்தால் உயிர் போய்விடலாம்.

அலைச்சல் எதற்கு என்று வீட்டு மாத்திரை டப்பாவைத் திறப்பதுதான் பெரிய ஆபத்து. பாரசிட்டமால் நாயின் கல்லீரலைக் கெடுக்கும், ரத்தத்தையும் கெடுக்கும். இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் இரண்டும் குடலைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தில் கை வைக்கும். நமக்குப் பாதி மாத்திரை என்பது அதற்குப் பாதி இல்லை.

நாரணாபுரம் மாதிரிப் பட்டாசு ஊர் நாய்க்குச் சத்தம் பழகியிருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். பழகும் என்று சொல்ல முடியாது; பல நாய்களுக்கு வருசத்துக்கு வருசம் பயம் கூடத்தான் செய்கிறது. இதுவரை பேசாமல் இருந்த நாய் வயதான பிறகு புதிதாக வெடிக்குப் பயந்தால், உடம்பில் எங்காவது வலி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். திடுக்கிட்டுத் துள்ளுகையில் மூட்டு வலிக்கும். அடுத்த முறை சத்தம் கேட்டதுமே அந்த வலி ஞாபகம் வரும். மருந்தக மேசையும் அப்படித்தான். வழுக்கும் தகரம், ஊசி, நாலு பேர் அமுக்கிய பிடி எல்லாம் அதற்கு ஒன்றாகவே பதிந்திருக்கிறது.

எங்களுக்குக் கைகொடுத்தது மருந்தகத்துக்குப் போட்ட ஒரு போன்கால். ஆடு மாடு இல்லாத நேரம் எது என்று கேட்டோம். வீட்டிலிருந்தே ஒரு சாக்கைக் கொண்டுபோய் விரித்தோம். அதற்கு முன்னால் இரண்டு வாரம், தினமும் உதட்டைத் தூக்கிப் பார்ப்பது, பாதத்தைப் பிடிப்பது, வாய்மூடியை மாட்டிக் கழற்றுவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு வேகவைத்த கோழி. மருத்துவர் வேப்பமரத்தடியில் ஆட்டோவுக்குப் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பக்கவாட்டில் கை நீட்டி உதட்டைத் தூக்கினார். கடைவாய்ப்பல் பிளந்து ஈறு கருத்திருந்தது. எத்தனை மாத வலியோ.

பயம் ரொம்ப முற்றியிருந்தால், கிளம்புவதற்கு முன்னால் வீட்டிலேயே கொடுக்க காபாபென்டின், டிராசோடோன் மாதிரி மருந்தை மருத்துவர் எழுதித் தருவார். கல்லீரல், சிறுநீரக நிலையைப் பார்த்து அளவு முடிவாகும். ஏஸ்புரோமசின் என்ற மருந்தை மட்டும் கொடுத்தால் உடம்புதான் அடங்கும், பயம் உள்ளேயே இருக்கும்; எந்த மருந்து என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், 3-ஆம் பிரிவில், விலங்கின் நலனைப் பேணுவதும் வீண் வலி வராமல் காப்பதும் வளர்ப்பவர் கடமை என்கிறது. பட்டினி போடுவதும், பசியில் வாட விட்டுவிட்டுப் போவதும் 11-ஆம் பிரிவில் குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். ஒரு பெரிய சரவெடி இன்றைக்கு அந்த விலைக்கு வராது. ஆனால் வாலில் வெடியைக் கட்டி ஊனமாக்கினாலோ விஷம் வைத்துக் கொன்றாலோ பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆம் பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறை உண்டு. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபலைத் தாண்டுகிற வெடிக்குத் தடை இருக்கிறது; அனுமதித்த நேரம் தவறி வெடித்தால் காவல்துறையை 100-இல் அழைக்கலாம்.

மருத்துவம் பார்ப்பவர் பதிவு பெற்றவரா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பணம் கொடுத்துப் பார்த்த சிகிச்சையில் கவனக்குறைவு என்றால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் வழி சொல்வார்கள். மருந்துச் சீட்டையும் ரசீதையும் எறிந்துவிடாதீர்கள். வழக்கு நிற்பதே அவற்றில்தான்.

இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று மருத்துவரே சொல்லும் நாளும் வரும். தோட்டத்துப் பூச்சிமருந்தைச் சோற்றில் கலந்து வைக்கிற பழைய வழக்கம் கொடுமை, குற்றமும்கூட. முதலில் மயக்க மருந்து, நன்றாக அயர்ந்த பிறகே கடைசி ஊசி என்பதுதான் முறை. அதற்காவது மருத்துவரை வீட்டுத் திண்ணைக்கு வரச் சொல்லிக் கேளுங்கள்.