சூரிய மறைவு எதிரொளிப்பு (ஒளிப்படக்கலை)

சூரிய மறைவு எதிரொளிப்பு என்பது, மறையும் சூரியனின் ஒளி கட்டிடங்களின் கண்ணாடி, கல் முதலிய பரப்புகளில் பட்டுத் திரும்புவதை ஒளிப்படமாகப் பதிவு செய்வதைக் குறிக்கும். சென்னை, புதுச்சேரி போன்ற கிழக்குக் கடற்கரை நகரங்களில் சூரியன் கடலில் அன்றி, நிலப்பக்கமாகவே மறைகிறது. எனவே இங்கு சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, மேற்கு நோக்கிய சுவர்களைப் படமெடுக்கும் முறை பெரிதும் பயன் தரும்.

நிற்கும் இடம்

கண்ணாடியில் படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமமாகும். தமிழ்நாட்டில் மார்ச் 21, செப்டம்பர் 23 ஆகிய நாட்களை ஒட்டிச் சூரியன் நேர் மேற்கில் மறைகிறது. சூன் இறுதியில் அதற்குச் சுமார் 24 பாகை வடக்கேயும், டிசம்பர் இறுதியில் அதே அளவு தெற்கேயும் மறைகிறது. எனவே நேர் மேற்கு நோக்கிய கண்ணாடிச் சுவரின் எதிரொளியைப் பெற, சூன் மாதத்தில் கட்டிடத்திற்குத் தென்மேற்கிலும் டிசம்பரில் வடமேற்கிலும் நிற்க வேண்டும்.

கண்ணாடியும் கல்லும்

கண்ணாடி வானத்தின் படிமத்தையே காட்டும். சொரசொரப்பான கல் ஒளியைப் பல திசைகளிலும் சிதறடிப்பதால், நிறத்தை மட்டுமே ஏற்றுக் காட்டும். அரியலூர் மாவட்டம், கங்கைகொண்ட சோழபுரத்தில் முதலாம் இராசேந்திர சோழன் 11ஆம் நூற்றாண்டில் எழுப்பிய சிவன் கோயில் இதற்கு எடுத்துக்காட்டாகும். இக்கோயில் கிழக்கு நோக்கியது. ஆகையால் விமானத்தின் பின்புறம் மாலை ஒளியை நேராகப் பெறுகிறது. சூன் மாதத்தில் வடபுறத்தில் ஒளி மிகச் சாய்வாக விழுவதால் சிற்பங்களின் மேடுபள்ளங்கள் தெளிவாகத் தெரியும்.

கருவி அமைப்பு

* ஒளி அளவீட்டைப் பளிச்சிடும் பகுதியில் செய்தல் வேண்டும். தானியங்கி அமைப்பு இருண்ட சுவரையும் சேர்த்துக் கணக்கிடுவதால், எதிரொளி நிறமிழந்து வெளுத்துவிடும்.
* வெண்சமநிலையைப் பகல் ஒளிக்கு அமைத்தல் நன்று. தானியங்கி வெண்சமநிலை செம்மஞ்சள் நிறத்தைக் குறைத்துவிடக்கூடும்.
* கண்ணாடியில் தெரியும் வானம், குவியத்தைப் பொறுத்தவரை, தொலைவில் உள்ள பொருளேயாகும். சன்னல் சட்டத்தில் குவியம் செய்தால் வானம் மங்கலாகலாம்.
* முனைவாக்க வடிகட்டி கண்ணாடியின் எதிரொளிப்பைக் குறைக்கக்கூடும் என்பதால் அதைக் கழற்றிவிடலாம்.

தமிழ்நாட்டில் சூரியன் செங்குத்தாகக் கீழிறங்குவது போலவே மறைகிறது. அதன் வட்டம் தொடுவானத்தைத் தொட்டபின் முழுதும் மறையச் சற்றேறக்குறைய 2 நிமிடங்களே ஆகும். ஆதலால் முக்காலி, சட்டகம் ஆகியவற்றை முன்னரே அமைத்துக்கொள்ள வேண்டும்.

எச்சரிக்கை

ஒளியியல் காட்சிகாணி வழியாகச் சூரியனையோ, கண்ணாடியில் பளிச்சிடும் அதன் படிமத்தையோ பார்த்தல் விழித்திரையைப் பாதிக்கக்கூடும். தொலைவில்லை பொருத்தியிருப்பின் ஆபத்து மேலும் அதிகம். கருப்புக் கண்ணாடியோ முனைவாக்க வடிகட்டியோ போதிய பாதுகாப்பு அல்ல. கருவியின் பின்திரையைப் பார்த்துப் படமெடுப்பதே கண்ணுக்குப் பாதுகாப்பானது.