பார்க்கக் கொடுத்த படம், எடுத்துக்கொள்ளக் கொடுத்ததல்ல

சிங்கப்பெருமாள் கோவிலுக்கு வடக்கே மறைமலைநகர் தொழிற்சாலைகள், தெற்கே மஹிந்திரா வேர்ல்டு சிட்டி. வேலை நிமித்தமாக ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் போகிறவர்கள், மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா கிளம்பும் பெற்றோர், சேமித்த பணத்தில் துபாயையோ பாலியையோ பார்த்துவிட்டு வரும் இளந்தம்பதி என்று இந்த ஜி.எஸ்.டி. சாலை வழியாக விமான நிலையம் போகிறவர்கள் பெருகிவிட்டார்கள். போன இடத்தின் படம் அன்றிரவே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில், இன்ஸ்டாகிராமில், யூடியூபில் வந்துவிடுகிறது. டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் ஒளிப்படக்கலை பயின்று, காந்தி பற்றிய ஆவணப்படத்துக்காக உலகம் சுற்றிய ஏ.கே. செட்டியாரின் பயண அனுபவங்கள் அச்சேறி வாசகரிடம் வந்து சேர நாளாகியிருக்கும். எதை வெளியிடுவது, எதைத் தவிர்ப்பது என்று யோசிக்க அந்த இடைவெளி உதவியது. இன்று அது இல்லை. அதனால் சட்டம் நமக்குத் தரும் பாதுகாப்பையும் நம்மிடம் கேட்கும் பொறுப்பையும் கிளம்பும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் உரிமை. நெட்டில் போட்டாயிற்று, இனி யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது தவறு. ஜெர்மனியில் ஒரு பள்ளி மாணவி, ஸ்பெயினின் கோர்டோபா நகரப் படம் ஒன்றைப் பயண இணையதளத்திலிருந்து இறக்கித் தன் பாட ஒப்படைப்பில் சேர்த்தாள். எங்கிருந்து எடுத்தது என்றும் எழுதியிருந்தாள். பள்ளி அந்த ஒப்படைப்பைத் தன் இணையதளத்தில் ஏற்றியது. படமெடுத்த டிர்க் ரென்க்ஹாஃப், அந்தப் பயணத் தளத்துக்கு மட்டுமே அனுமதி கொடுத்ததாகச் சொல்லி வழக்குப் போட்டார். எடுத்தவரின் அனுமதியோடு ஓரிடத்தில் வெளியான படத்தை இன்னோரிடத்தில் புதிதாக ஏற்ற மறுபடி அனுமதி வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. மாணவியின் நோக்கத்தில் கெடுதல் ஏதுமில்லை. அப்படியிருந்தும் உரிமை எடுத்தவருடையது என்பதை நீதிமன்றம் விட்டுக்கொடுக்கவில்லை.

நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டமும் ஒளிப்படத்தைக் கலைப்படைப்பாகவே கொள்கிறது. படம் எடுத்தவரே அதன் ஆசிரியர். எடுத்த கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்வது விருப்பம்தான், கட்டாயம் அல்ல. 2012 திருத்தத்துக்குப் பிறகு இந்த உரிமை எடுத்தவரின் ஆயுள் முழுதும், அவர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கிறது. எடுத்தவரே உரிமையாளர் என்பதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. பாரிஸிலோ பாலியிலோ காசு கொடுத்துத் தொழில்முறைக் கலைஞரை அமர்த்தி எடுத்த படமானால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, நம் சட்டப்படி முதல் உரிமையாளர் காசு கொடுத்தவர். ஆனால் பல கலைஞர்கள் ஒப்பந்தத்தில் உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொள்கிறார்கள். கையெழுத்துப் போடும் முன் அந்தப் பத்தியைப் படித்துவிடுங்கள்.

செயலிகளின் விதிமுறைகளையும் ஒருமுறை படிப்பது நல்லது. இன்ஸ்டாகிராமில் ஏற்றினால் உரிமை நம்மைவிட்டுப் போவதில்லை. ஆனால் அந்தப் படத்தை உலகெங்கும் கட்டணமின்றிப் பயன்படுத்த அந்நிறுவனத்துக்கு நாம் உரிமம் கொடுக்கிறோம். அந்த உரிமம் செயலிக்குக் கொடுத்தது. உங்கள் படத்தை இறக்கித் தன் விளம்பரத்தில் ஒட்டும் டிராவல்ஸ்காரருக்குக் கொடுத்ததல்ல. அவர் செய்வது உரிமை மீறல். உங்கள் பெயரையும் போட்டுவிட்டேன் என்று அவர் சொன்னாலும் அது அனுமதி ஆகாது.

உரிமைக்கு அடுத்தது ஆபத்து. அதில் பலரும் யோசிக்காதது போர்டிங் பாஸ். ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமர் டோனி அபாட் 2020-இல் தம் போர்டிங் பாஸ் படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டார். அதிலிருந்த முன்பதிவு எண்ணை வைத்து விமான நிறுவனத்தின் தளத்தில் நுழைந்த ஒருவர், அவருடைய பாஸ்போர்ட் எண்ணையும் தொலைபேசி எண்ணையும் எடுத்துவிட்டார். நல்லவேளை, எடுத்தவர் அதைத் தவறாகப் பயன்படுத்தாமல் உரியவர்களுக்குத் தெரிவித்தார். எல்லோருக்கும் அப்படி வாய்க்காது. பெயரை விரலால் மறைத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம், பார்கோடிலும் அந்த விவரம் இருக்கிறது. விசா ஒட்டிய பாஸ்போர்ட் பக்கத்துக்கும் இதுவே பொருந்தும். மகிழ்ச்சியைச் சொல்ல விமானத்தின் ஜன்னல் போதும்.

அடுத்தது நேரம். குடும்பத்தோடு சிங்கப்பூரில் இருக்கிறோம் என்ற படம், வீட்டில் யாரும் இல்லை என்றும் சேர்த்தே சொல்கிறது. புறநகரின் புதிய மனைகளில் பக்கத்து வீடு என்பதே சில காலிமனைகள் தள்ளித்தான். திரும்பி வந்து படம் போடுங்கள். கிளம்பும்போது அருகிலுள்ள காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் போகிறவர்கள் தகவல் தர வேண்டும் என்று காவல்துறையே கேட்டுக்கொள்கிறது. கேமரா செயலியில் இருப்பிடப் பதிவையும் அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால், எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் படக்கோப்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

வேலைக்கோ படிப்புக்கோ அமெரிக்கா போக நினைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2019 முதல் அமெரிக்க விசா விண்ணப்பத்தில் கடந்த 5 ஆண்டுகளில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளைக் கேட்கிறார்கள். 2025 ஜூன் முதல் மாணவர் விசா கேட்பவர்கள் அந்தக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்கச் சொல்கிறார்கள். பழைய பயணத்தில் விளையாட்டாக எழுதிய ஒரு வரியும் அதிகாரியின் மேசைக்குப் போகும்.

இதுவரை சொன்னது நம்மைக் காத்துக்கொள்வது. நம் படத்தில் விழும் மனிதர்களைக் காப்பதும் இதே அளவு முக்கியம் என்று நினைக்கிறேன். நம் படம் திருடுபோனால் கொதிக்கிற நாம், சந்தையில் மீன் விற்கும் அம்மாவின் முகத்தைக் கேட்காமலே எடுத்து ஆயிரக்கணக்கானோருக்குக் காட்டிவிடுகிறோம். கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை ‘நக்கீரன்’ இதழ் வெளியிடுவது தொடர்பான ராஜகோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1994-லேயே சொல்லிவிட்டது: பொது ஆவணங்களில் இருப்பது போன்ற சில விலக்குகள் தவிர, ஒருவரின் தனிவாழ்க்கையைப் பற்றி அவர் சம்மதமின்றி வெளியிடுவது, அது உண்மையே ஆனாலும், அவர் உரிமையை மீறுவதாகும். பொது இடத்தில் கூட்டத்தை எடுப்பது வேறு. ஒரு முகத்தை நெருங்கி எடுத்து அதைக் கொண்டு பணம் ஈட்டுவது வேறு. குழந்தைகள் என்றால் பெற்றோரைக் கேட்காமல் எடுக்கவே கூடாது.

வெளிநாடுகளில் இது இன்னும் கடுமை. ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டு சைபர் குற்றச் சட்டப்படி, தனியுரிமையை மீறும் நோக்கோடு மற்றவரைச் சம்மதமின்றிப் படமெடுப்பதும் பகிர்வதும் குற்றம். 6 மாதத்துக்குக் குறையாத சிறைக்கோ, 1.5 லட்சம் முதல் 5 லட்சம் திர்ஹாம் வரை அபராதத்துக்கோ அதில் இடமுண்டு. ஜப்பானின் கியோட்டோ நகரில், கியோன் பகுதியின் தனியார் சந்துகளில் அனுமதியின்றிப் படமெடுத்தால் 10,000 யென் அபராதம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். இலங்கையில் 2012-இல் புத்தர் சிலையை முத்தமிடுவதுபோல் படமெடுத்துக்கொண்ட பிரெஞ்சுப் பயணிகள் மூவருக்குக் காலி நகர நீதிமன்றம் ஒத்திவைத்த சிறைத்தண்டனை விதித்தது. பிரதி எடுக்கக் கொடுத்த கடையிலிருந்துதான் போலீசுக்குத் தகவல் போனது.

நம்மூரிலும் எல்லை உண்டு. 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு, தமிழகக் கோயில்களுக்குள் கைபேசியைத் தடைசெய்ய அறநிலையத் துறைக்கு உத்தரவிட்டது. சிங்கப்பெருமாள் கோவிலில் பாடலாத்ரி நரசிம்மர் மலையோடு மலையாக அமர்ந்திருக்கும் குடைவரைக் கருவறையும், ஆரத்தி வெளிச்சத்தில் அர்ச்சகர் காட்டும் நெற்றிக்கண்ணும் அங்கே நின்று கும்பிடுகிறவர்களுக்கானவை. வெளியே மலையை வலம் வரும் பாதையில் எடுக்கப் படம் ஏராளம். மாமல்லபுரத்தில் கையில் பிடித்த கேமராவுக்குத் தடையில்லை, முக்காலி வைக்கத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும். தாம்பரம் விமானப்படைத் தளத்தை எந்தக் கோணத்திலும் எடுக்காதீர்கள். வெளிநாட்டில் மலிவு என்று டிரோன் வாங்கி வராதீர்கள். 2022 பிப்ரவரி முதல் அதன் இறக்குமதி தடைசெய்யப்பட்டிருக்கிறது.

பயணப் பதிவால் வருமானம் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விடுதி இலவசமாகத் தங்க வைத்தால் அதைப் பதிவிலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும். மறைத்து, தவறான நம்பிக்கை ஊட்டினால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் வரலாம்.

மீறல் நடந்துவிட்டால் என்ன செய்வது? அழிக்கச் சொல்லிச் சண்டை போடும் முன் ஆதாரத்தைச் சேருங்கள்: திரைப்பிடிப்பு, இணைய முகவரி, நாள், நேரம். பிறகு அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்குப் பதிப்புரிமைப் புகாரை எழுத்தில் அனுப்புங்கள். பதிப்புரிமை விதிகளின்படி 36 மணி நேரத்தில் அந்தத் தளம் படத்தை முடக்க வேண்டும். 21 நாளுக்குள் நீதிமன்ற ஆணை காட்டாவிட்டால் அவர்கள் மறுபடி திறக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். குறைதீர் அதிகாரியின் பதில் திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணையத்திலேயே போகலாம்.

உங்கள் படத்தை வைத்துப் போலிக் கணக்கு தொடங்கினாலோ, ஆபாசமாக மாற்றினாலோ ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் புகார் கொடுங்கள். பணமும் போயிருந்தால் உடனே 1930-ஐ அழையுங்கள். அடையாளத் திருட்டுக்கும் அந்தரங்கப் படத்தைப் பரப்புவதற்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 3 ஆண்டு வரை சிறை உண்டு. பாதிக்கப்பட்ட பெண்ணிடம் வீட்டில் யாரும் “நீ ஏன் படம் போட்டே?” என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே பலர் மிரட்டுபவனுக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வணிக லாபத்துக்காகப் படத்தைத் திருடியவர் மீது பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் காவல் நிலையத்திலேயே புகார் தரலாம். அது பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய, ஜாமீனில் வெளிவர இயலாத குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் உறுதி செய்தது. இழப்பீடு கேட்டு வழக்குப் போட, திருடியவர் மும்பையில் இருந்தாலும் நீங்கள் மும்பைக்கு ஓட வேண்டியதில்லை. 62-ஆம் பிரிவு, உரிமையாளர் வசிக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடர இடம் தருகிறது. சிங்கப்பெருமாள் கோவில்காரருக்கு அது செங்கல்பட்டு. பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு, 15100-இல் கேட்கலாம். மீறல் நடந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் இழப்பீட்டு வழக்கைத் தொடுத்துவிட வேண்டும். நீதிமன்றத்தில் முதலில் கேட்பது மூலக்கோப்பைத்தான். வாட்ஸ்அப்பில் அனுப்பி எடுத்த பிரதியில் எடுத்த நாளும் கேமரா விவரமும் போய்விடும், ஆகவே ஊருக்கு வந்ததும் கேமராவிலிருந்து நேரடியாக ஒரு தனி வட்டில் சேமித்துவிடுங்கள்.