ஒத்திவைப்பா, தள்ளிப்போச்சா?

'ஒத்திவைப்பு' என்பதற்கு வேறு சொல் கேட்டால் தள்ளிவைப்பு, தள்ளிப்போடுதல், வாய்தா என்று அடுக்கிவிடலாம். ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்று அப்படியே உட்காராது.

சட்டமன்றம் ஒத்திவைக்கப்படுகிறது என்றால் முடிவெடுத்தவர் ஒருவர் இருக்கிறார்: பேரவைத் தலைவர். 'கூட்டம் தள்ளிப்போச்சு' என்றால் தள்ளினது யாருன்னே தெரியாது. கல்யாணத்தைத் தள்ளிவைக்கலாம், ஆளைத் தள்ளிவைத்தால் அது ஊர்விலக்கு. 'நாள் தள்ளிப்போயிருக்கு' என்றால் பல வீடுகளில் நல்ல சேதி. உருது வழியாக வந்த 'வாய்தா' குறித்த தவணை நாளைச் சொன்னது. இன்றைக்கு 'வாய்தா வாங்கிட்டாங்க' என்றால் இழுத்தடிப்பு என்றே காதில் விழுகிறது.

ஒத்திவைக்க 'பிறகு' என்று ஒன்று வேண்டும். இதற்கு ஜவ்வாது மலைக் காவலூர் வானாய்வகத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தோன்றவில்லை. மேகம் மூடினால், எப்போதும் இருக்கிற விண்மீனை நாளைக்குப் பார்த்துக்கலாம், அது ஒத்திவைப்பு. ஆனால் 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை ஒட்டிக் கடந்தது. அந்த இரவு மூடியிருந்தால் அதற்குப் பெயர் 'தவறிப்போச்சு'. நல்லவேளை, அங்கிருந்த 1 மீட்டர் தொலைநோக்கியில் விண்மீனின் ஒளி குறைந்தது பதிவானது. யுரேனஸின் வளையங்களைக் கண்டறிந்ததில் அந்தப் பதிவுக்கும் பங்கு உண்டு.

அதனால் அடுத்த முறை ஓர் அறிவிப்பில் 'தள்ளிப்போகிறது' என்று படித்தால் இரண்டு கேள்வி கேளுங்கள்: தள்ளினது யார்? எதுவரைக்கும்? பதில் இல்லையென்றால் அது ஒத்திவைப்பே இல்லை, சத்தமில்லாத ரத்து.