துப்பாக்கிக்கும் நுணுக்குக்காட்டிக்கும் நடுவே

ஜெனீவா அருகே உள்ள சேர்ன் துகள் இயற்பியல் மையத்தில் 2022 மார்ச் தொடங்கி ஏறத்தாழ ஓராண்டு விசித்திரமான ஒரு முடக்கம் நீடித்தது. ஆய்வு முடிவுகள் தயாராக இருந்தன, கட்டுரைகளும் எழுதி முடிந்திருந்தன. ஆசிரியர் பட்டியலை மட்டும் அச்சிட முடியவில்லை. ஒரே கட்டுரையில் மூவாயிரம் பேர் வரை பெயர் போடும் பெரும் குழுக்கள் அவை. ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்ததால், அந்தப் பட்டியலில் ரஷ்ய நிறுவனங்களின் பெயரோடு தங்கள் பெயர் வருவதை உக்ரைன் விஞ்ஞானிகளும் வேறு சிலரும் எதிர்த்தார்கள். கடைசியில் 2023இல் ஓர் உடன்பாடு வந்தது: ரஷ்யரின் பெயர் இருக்கும், அவர் வேலை பார்க்கும் நிறுவனத்தின் பெயர் இருக்காது.

போர் நடத்தும் நாட்டோடு அறிவியல் உறவை வைத்துக்கொள்வதா, முறிப்பதா என்ற வழக்கின் சாரம் இந்த ஒரு பட்டியலிலேயே இருக்கிறது. ஆளைத் தண்டிக்காமல் அரசைத் தண்டிக்க முடியுமா?

சேர்ன் அதோடு நிற்கவில்லை. ரஷ்யாவுடனான ஒப்பந்தம் 2024 நவம்பர் 30ஆம் திகதி காலாவதியானது. அதை நீடிக்கவில்லை. ரஷ்ய நிறுவனங்களைச் சேர்ந்த சுமார் 500 பேரின் வாசல் அடைபட்டது. ஆனால் மொஸ்கோவுக்கு அருகே டுப்னாவில் இருக்கும் கூட்டு அணு ஆய்வு நிறுவனத்தோடு உள்ள ஒப்பந்தம் தொடர்கிறது. அது பன்னாட்டு நிறுவனம் என்பது சேர்ன் சொல்லும் காரணம். முன்கதவைப் பூட்டிவிட்டுப் பக்கக் கதவைத் திறந்து வைத்த கதைதான் என்று உக்ரைன் தரப்பு குறைப்பட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை.

முறிக்கச் சொன்னவர்களுக்கு வலுவான ஆதாரம் ஒன்று கிடைத்தது. 2022 மார்ச் 4ஆம் திகதி ரஷ்யப் பல்கலைக்கழகத் தலைவர்களின் சங்கம் போரை ஆதரித்து அறிக்கை விட்டது. ஆனால் படையெடுப்பு தொடங்கிய பெப்ரவரி 24ஆம் திகதியே அதே நாட்டின் விஞ்ஞானிகளும் அறிவியல் எழுத்தாளர்களும் போரைக் கண்டித்துப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். சில நாட்களில் ஆயிரக்கணக்கானோர் அதில் ஒப்பமிட்டார்கள். ஒட்டுமொத்தத் தடை வந்தால் இரு சாராருக்கும் ஒரே அடிதான். இரண்டாவது சாராருக்கு உள்ளூரிலும் அடி விழும்.

முதல் உலகப் போர் முடிந்ததும் இதே பாடம் நடந்தது. 1919இல் அமைந்த சர்வதேச ஆய்வுப் பேரவை ஜெர்மனியை வெளியே நிறுத்தியது. 1926 வரை அந்த விலக்கு இருந்தது. அதே 1919இல்தான், பெர்லினில் இருந்த ஐன்ஸ்டைனின் கோட்பாட்டைச் சரிபார்க்க ஆங்கிலேயரான எடிங்டன் பிரின்சிப்பே தீவுக்குப் போய் சூரிய கிரகணத்தைப் படமெடுத்தார். அமைப்புகள் பகைமை பாராட்டிய வேளையில் தனி மனிதர்கள் வேலையைத் தொடர்ந்தார்கள்.

விண்வெளியில் இந்த வழக்கு இன்னும் வேடிக்கையானது. ரஷ்ய விண்கலத்தில் பொருத்தியிருந்த ஈரோசிட்டா என்ற தன் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியை ஜெர்மனி படையெடுப்புக்கு இரண்டு நாள் கழித்து உறக்கநிலையில் வைத்தது. சர்வதேச விண்வெளி நிலையத்தில் மட்டும் அமெரிக்கரும் ரஷ்யரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். இதற்குக் காரணம் கொள்கை ஒன்றும் இல்லை. நிலையத்தின் உயரத்தைப் பேண ரஷ்ய உந்துவிசை வேண்டும், மின்சாரத்துக்கு அமெரிக்கச் சூரியத் தகடுகள் வேண்டும். பிரிந்தால் இருவருக்கும் நட்டம்.

இனி நம் ஊருக்கு வருவோம். 2022 மார்ச் 2ஆம் திகதி ஐநா பொதுச் சபையில் ரஷ்யாவைக் கண்டிக்கும் தீர்மானத்துக்கு 141 நாடுகள் ஆதரவளித்தபோது இலங்கை வாக்களிக்காமல் ஒதுங்கியது. இலங்கையே நீண்ட போர் நடத்திய நாடு. அதற்காக வெளியுலகம் கொடுத்த பெரிய தண்டனை, போர் முடிந்த பிறகு 2010 ஓகஸ்டில் ஜிஎஸ்பி பிளஸ் வரிச்சலுகை பறிபோனது. அந்த அடி விழுந்தது ஆடைத் தொழிற்சாலைகளில், ஆய்வுக்கூடங்களில் அல்ல.

அறிவை முடக்கும் தடை எப்படி இருக்கும் என்று வெள்ளவத்தையில் குடியேறிய யாழ்ப்பாணத்தவரைக் கேட்டால் தெரியும். 1990 முதல் வடக்குக்கு எரிபொருள், சீமெந்து, யூரியா, டோர்ச் பற்றரி வரை அரசு தடை போட்டது. மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலில் திரியிட்டு, கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, அந்த வெளிச்சத்தில்தான் உயர்தரப் பௌதிகவியல் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்துப் பெடலைச் சுற்றி டைனமோவில் வானொலி கேட்டார்கள். அத்தனை பற்றாக்குறையிலும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் தட்டுத்தடுமாறி நடந்தது. அந்தத் தடை போரை நிறுத்தவில்லை. மாணவரின் படிப்பைத்தான் கெடுத்தது.

இதற்கு நேர்மாறான காட்சியும் அதே மண்ணில் உண்டு. 1990களின் நடுப்பகுதியிலிருந்து தேசியத் தடுப்பு மருந்து நாட்களில் அரசும் புலிகளும் துப்பாக்கியை இறக்கி வைத்துப் பிள்ளைகளுக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுக்க வழிவிட்டார்கள். இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி பதிவானது 1993இல். அந்தச் சொட்டு மருந்தே பகை நாடுகள் சேர்ந்து செய்தது: அமெரிக்கரான ஆல்பர்ட் சேபின் வைரஸ் மாதிரிகளைக் கொடுத்தார், மொஸ்கோவில் மிக்கைல் சுமாக்கோவ் 1959இல் அதைப் பெரும் எண்ணிக்கையில் சோவியத் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பலனைக் காட்டினார். பனிப்போரின் உச்சத்தில் வாஷிங்டன் அந்த உறவை முறித்திருந்தால் இழப்பு குழந்தைகளுக்குத்தான்.

ஆனால் எல்லா ஆய்வும் சொட்டு மருந்து அல்ல. செய்மதிகளைக் கண்காணிக்கும் சீனாவின் யுவான் வாங் 5 கப்பல் 2022 ஓகஸ்டில் அம்பாந்தோட்டைக்கு வந்தபோது இந்தியா கொதித்தது. ஏவுகணையையும் அதே கருவியால் பின்தொடரலாம். மறு ஆண்டு ஒக்டோபரில் ஷி யான் 6 கொழும்புக்கு வந்தது. மட்டக்குளி காக்கைத்தீவில் இருக்கும் நாரா நீர்வள ஆராய்ச்சி நிறுவனத்தோடு கூட்டாய்வு என்றார்கள். கடலடித் தரையின் வரைபடம் மீனவருக்கும் உதவும், நீர்மூழ்கிக்கும் உதவும். நெருக்குதல் தாங்காத அரசு 2024 ஜனவரியிலிருந்து எல்லா வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களுக்கும் ஓராண்டுத் தடை போட்டது. யாரையும் தனித்துக் குறிவைக்காத முடிவுதான், கெட்டிக்காரத்தனமும்கூட. ஆனால் கப்பல் எதை அளக்கிறது என்று பார்க்காமல் வெளிநாட்டுக் கொடியா என்று மட்டும் பார்த்துப் போட்ட தடை அது. சொந்தமாகப் பெரிய ஆய்வுக் கப்பல் இல்லாத நாட்டில் மீன்வளக் கணக்குக்கும் வெளியாரின் கப்பல்தான் வேண்டும்.

ஆகவே "உறவா, முறிவா" என்று மொத்தமாகக் கேட்பதே பிழை. ஆயுதத்துக்கு உதவும் கருவி, படைத்துறைப் பணத்தில் நடக்கும் கூடம், போருக்குக் கொடி பிடிக்கும் நிறுவனத் தலைமை: இவற்றோடு கை குலுக்க வேண்டாம். நோய், வானிலை, கடல் பற்றிய தரவும் தனி விஞ்ஞானியின் பெயரும் வெட்டுப்படக் கூடாது. சேர்ன் 2023இல் கண்ட வழி, குறையுள்ளதுதான், அதற்குக் கிட்ட வந்தது.

கொழும்பில் இது வெறும் வாதம் அல்ல, வீட்டுக் கணக்கும்தான். ரஷ்யாவில் வைத்தியம் படிக்கப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் இங்கே உண்டு. அந்தப் படிப்புக்கு இலங்கையில் தடை இல்லை. ஆனால் 2022 மார்ச்சில் பெரிய ரஷ்ய வங்கிகள் சில சுவிஃப்ட் வலையமைப்பிலிருந்து விலக்கப்பட்டன, விசாவும் மாஸ்டர்கார்டும் அங்கே சேவையை நிறுத்தின. முகவரிடம் முற்பணம் கட்டுமுன் இரண்டு விடயங்களைக் கேளுங்கள்: கட்டணம் எந்த வங்கி வழியாகப் போகும், அந்தப் பல்கலைக்கழகத்தை இலங்கை மருத்துவ சபை அங்கீகரித்திருக்கிறதா. இரண்டாவதை முகவரின் வாய்ச்சொல்லில் விடாமல் சபையிடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.