விடியற்காலைக் கனவு

விடியற்காலைக் கனவு பலிக்கும் என்பது நம் முன்னோர் நம்பிக்கை. விடியலுக்கு மட்டும் ஏன் இச்சிறப்பு? 1953-ஆம் ஆண்டில் சிக்காகோ பல்கலைக்கழகத்து அறிஞர்களான அசெரின்ஸ்கியும் கிளைட்மனும், உறங்குவோரின் விழிகள் மூடிய இமைக்குள் இடையிடையே விரைந்து அசைவதை ஆராய்ந்து வெளியிட்டனர். அவ்வேளையில் எழுப்பப்பட்டோருள் பலர் தாம் கண்ட கனவைத் தெளிவாக உரைத்தனர். ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறை வரும் இந்நிலை, இரவு கழியக் கழிய நீள்கிறது. எனவே விடியலில் கனவு மிகுதி. உடனே விழித்தெழுவதால் அது நினைவிலும் நிற்கிறது. நினைவில் நின்ற கனவுக்கே பலனும் கூறினர் போலும்!

அடங்கிக் கிடக்கும் விருப்பங்களே கனவில் உருமாறித் தோன்றும் என்றார் ஃபிராய்டு. அன்றாடக் கவலைகளும் அதிற் புகும் என்பர் உளநூலார். ஆதலின், தேர்வில் தோற்றதாக விடியலில் கனவு கண்ட மாணவர் கலங்க வேண்டா. எழுந்து பாடத்தைப் பார்த்தலே நலம்.