திக்கற்ற இளமையும் திரைப்படமும்: பலேர்மோ புகட்டும் பாடம்

வேலையில்லை, கல்வியில் நாட்டமில்லை, நாளையைப் பற்றிய நினைப்பும் இல்லை. இவ்வாறு தெருமுனையில் நின்று பொழுதைக் கழிக்கும் இளைஞனைத் திரைப்படம் நெடுங்காலமாகவே உற்று நோக்கி வந்துள்ளது. இத்தாலிய இயக்குநர் பெலினியின் ‘இ வித்தெல்லோனி’ (1953), சிறு கடலோர நகரொன்றில் வீட்டாரின் உழைப்பில் காலங்கடத்தும் ஐந்து நண்பர்களைக் காட்டியது. தமிழில் 1981இல் வெளிவந்த ‘பாலைவனச் சோலை’யும் வேலையற்ற நண்பர் குழாமொன்றின் கதையே.

ஆயினும் பலேர்மோவில் வாழும் எம்மவர் முதலிற் காணவேண்டியவை, அந்நகரையே களமாகக் கொண்டு மார்க்கோ றிசி இயக்கிய இரு படங்களாகும். 1989இல் வெளிவந்த ‘மேரி பெர் செம்ப்ரே’, சிறுவர் சிறைச்சாலையில் கற்பிக்கச் செல்லும் ஆசிரியர் ஒருவரைப் பற்றியது. அத்தகைய சிறையில் ஆசிரியராகப் பணியாற்றிய அவுரேலியோ கிறிமால்டியின் நூலே இதற்கு மூலம். சிறுவர்களாக நடித்தோரிற் பெரும்பாலோர் தொழில்முறை நடிகரல்லர். வேறு பாடசாலைக்குச் செல்லும் வாய்ப்புக் கிட்டியும் அந்த ஆசிரியர் அச்சிறுவர்களை விட்டு அகலவில்லை.

அடுத்த ஆண்டு வெளிவந்த ‘றகாட்சி புவோரி’, அதே சிறுவர்கள் விடுதலையான பின் நிகழ்வதைச் சொல்கின்றது. சிறைக் கதவு திறக்கின்றது. வேறெந்தக் கதவும் திறக்கவில்லை. வேலை கேட்டு அலைகின்றனர். மீண்டும் களவுக்கே திரும்புகின்றனர். முதற் படத்தில் இருந்த ஆசிரியர் இதில் அவர்களருகில் இல்லை என்பதை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும்.

இவ்வுண்மைக்குத் திரைக்கு வெளியிலும் சான்றுண்டு. அரபு ஆட்சிக் காலத்தில் எழுந்த கால்சாப் பகுதி, 1943ஆம் ஆண்டுக் குண்டுவீச்சிற் சிதைந்து, பல பத்தாண்டுகள் இடிபாடுகளுடனேயே கிடந்தது. மாபியாவை எதிர்த்து 1992இல் உயிர்நீத்த நீதிபதிகளான பல்கொனேயும் பொர்செல்லினோவும் இங்குதான் வளர்ந்தனர். மாஜோனே சதுக்கத்தில் பந்து விளையாடினர். சிறுவயதிற் பல்கொனேயுடன் மேசைப்பந்து ஆடிய தொம்மாசோ ஸ்பதாறோ, பின்னாளில் பெயர்பெற்ற மாபியாக் கடத்தல்காரரானார். தெரு ஒன்றே; சென்ற வழிகள் வேறு.

இந்நகரில் எம்மவர் பலர் வீட்டுப் பணிகளிலேயே நாளெல்லாம் உழைக்கின்றனர். பிறர் பிள்ளைகளைப் பராமரித்துக் களைத்து இரவில் வீடு திரும்பும் தாய், தன் பிள்ளை மாலையில் எங்கிருந்தான் என்பதை அறியாதிருக்கலாம். தாயகக் கனவு பெற்றோருக்கு. பாடசாலை மொழி பிள்ளைக்கு. இரண்டுக்கும் இடையே அவன் தனித்து நிற்கின்றான். அவனைக் கெட்டவன் எனத் தூற்றுவது எளிது. ஆனால் இப்படங்கள் தீர்ப்பு வழங்கவில்லை. அவனுக்கருகில் யார் இருந்தார் என்றே வினவுகின்றன.

ஆகவே பெற்றோர் இவற்றைத் தம் வளர்ந்த பிள்ளைகளுடன் ஒன்றாய் அமர்ந்து பார்த்தல் நன்று. கடுமையான காட்சிகள் உண்டு. அவற்றைப் பற்றிப் பேசவேண்டியும் வரும். அந்தப் பேச்சே எமக்கு இன்று தேவை. மாலையில் ஒரு வகுப்பு, விளையாட ஓர் இடம், “எங்கே போனாய் தம்பி?” என்று அன்போடு கேட்க ஒரு மூத்தவர்: இவற்றை அமைத்துக் கொடுப்பது எம் சமூகத்தின் கைக்கெட்டாத காரியமன்று.